பென்ஸ் வாங்கினேன், டாக்சி என்று தெரிந்தது

2014 ஆடி மாதத்தில் வண்டி வீட்டுக்கு வந்தது. ஆடியில் யாராவது வண்டி எடுப்பார்களா என்று அம்மா கோபித்துக்கொண்டார். ஆடி என்பதால்தான் விற்றவர் 20,000 ரூபாய் குறைத்தார் என்பதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கொடுத்தது 3,10,000. அதே பணத்துக்கு அன்றைக்கு நாலைந்து வருஷம் ஓடிய சின்னக் கார் ஒன்று கிடைத்திருக்கும். நான் எடுத்தது 18 வருஷம் ஓடிய மெர்சிடிஸ் பென்ஸ் ஈ220. 1996 மாடல், பெட்ரோல், மேனுவல் கியர். விஷயம் தெரிந்தவர்கள் இந்த உருவத்தை டபிள்யூ 124 என்பார்கள்.

வாங்கும்போது மீட்டரில் 1,12,400 கிலோமீட்டர். இப்போது 2,03,000 தாண்டிவிட்டது. பதினொரு வருஷத்தில் 90,000 என்பது பெரிய ஓட்டமில்லை. ஆனால் எனக்கு இருக்கும் ஒரே கார் இதுதான். கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைவதுதான் தொழில். கல்யாணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், சில நாள் டிக்கியில் இரும்பு ராடு போட்டுக்கொண்டு வரவும் இதே வண்டி. காட்சிக்கு நிறுத்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை துடைக்கிறவர்களின் அனுபவம் வேறாக இருக்கும்.

வண்டி வந்த வாரமே தெருவில் என் மரியாதை மாறிவிட்டது. காய்கறி வண்டிக்காரர் தக்காளிக்கு ஐந்து ரூபாய் கூட்டினார். சொந்தக்காரர்கள் கடன் கேட்டார்கள். நம் ஊரில் பென்ஸ் என்றால் பணம். "பெரிய பென்ஸ் கார்ல வந்து இறங்கற மாதிரி" என்று யாரையாவது கிண்டல் செய்யாத வீடு உண்டா? நானும் அந்த நினைப்பில்தான் வாங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். பதினொரு வருஷம் அடியில் படுத்தும், பிரித்தும், பூட்டியும் பார்த்த பிறகு என் எண்ணம் வேறாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு முதலில் தெரிந்த பென்ஸ் கார் இல்லை, லாரி. சங்ககிரியில் என் தாய்மாமா லாரி ஓட்டினார். அவர் வாயில் லாரி என்ற சொல்லே வராது. "பென்ஸ் லோடு ஏத்தீட்டுப் போயிருச்சு" என்பார். 1954-ல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியது. மூக்கில் அந்த மூன்று முனை நட்சத்திரத்தோடு டாடா மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயரில் ஓடிய லாரிகள் அவை. 1969-ல் ஒப்பந்தம் முடிந்தது, நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு டாடா தன் எழுத்தைப் போட்டுக்கொண்டது. ஆனால் நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து டிரைவர்கள் வாயிலிருந்து அந்தப் பெயரைக் கழற்ற முடியவில்லை. என் சின்ன வயதில் பழைய நட்சத்திர லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நாங்கள் பையன்கள் அந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் பம்பரில் ஏறுவோம்.

சரி, காருக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. 2015-ல் திறந்தார்கள். ஜி.டி. நாயுடு குடும்பத்தார் சேர்த்த கார்கள். உள்ளே கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டியின் நகல் ஒன்று நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ரிக்‌ஷா என்கிறார்கள். நான் அதன் முன்னால் அரைமணி நேரம் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் படுக்கையாக ஒரு பெரிய ஃப்ளைவீல், ஒரே சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைத் திறன். என் பட்டறையில் இருக்கும் பழைய டிரில்லிங் மெஷினின் மோட்டார் அதைவிடப் பலமானது. 1886 ஜனவரி 29-ல் மான்ஹைம் நகரில் இருந்த பென்ஸ் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எண் 37435. உலகத்தின் முதல் கார் என்று இன்றைக்கும் கம்பெனி சொல்லிக்கொள்வது இந்தக் காகிதத்தை வைத்துத்தான்.

காகிதம் கிடைத்ததே ஒழிய வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, புருஷனுக்குச் சொல்லாமல் 15 வயதும் 13 வயதுமான இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பினார். சுமார் 100 கிலோமீட்டர். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் போய் லிக்ரோயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இக்னிஷன் கம்பி உரசிப் போனதற்குக் காலுறை நாடாவைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்ததும் வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் என்று அதைச் சொல்லலாம். வண்டியின் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும் என்பதால் ஊருக்கு ஊர் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்த பிறகு, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று புருஷனிடம் சொன்னாராம். இதைவிட நல்ல டெஸ்ட் டிரைவ் ரிப்போர்ட்டை நான் படித்ததில்லை.

இந்தக் கதையை நான் அடிக்கடி வீட்டில் சொன்னதன் பலனை 2017 ஏப்ரலில் அனுபவித்தேன். பாலக்காட்டுக்குப் போகும் வழியில் வாளையார் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. நிறுத்தி பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. முந்தின வாரம்தான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட் மாற்றியிருந்தேன். ரேடியேட்டர் ஹோஸ் கிளாம்பை இறுக்காமலே விட்டிருக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரால் மூன்று சுற்று, அவ்வளவுதான் வேலை. தண்ணீர்தான் இல்லை. வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக் குழாயில் இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்து, "ஏனுங்க, அந்த ஜெர்மன்காரம்மா நூத்தி முப்பது வருசத்துக்கு முன்னாடி பண்ணுன வேலையத்தான் நானும் பண்றேன். என்னத்த முன்னேறுச்சு?" என்றாள். பதில் சொல்லவில்லை. அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் அதற்குப் பிறகு போகவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பென்ஸ் என்கிறோம், அமெரிக்கர்கள் மெர்சிடிஸ் என்கிறார்கள், ஸ்டுட்கார்ட் வட்டாரத்து ஆட்கள் டைம்லர் என்கிறார்கள். மூன்றும் மூன்று பேர். பென்ஸ் கதை மேலே சொன்னது. காட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் இருவரும் ஸ்டுட்கார்ட் பக்கம் கான்ஸ்டாட்டில் தனியாக எஞ்சின் செய்துகொண்டிருந்தவர்கள். மெர்சிடிஸ் ஒரு சிறுமி. எமில் யெல்லினெக் என்ற ஆஸ்திரியப் பணக்காரர் பிரான்சின் நீஸ் நகரில் டைம்லர் கார்களை வாங்கி விற்றும், மகளின் பெயரில் பந்தயத்தில் ஓட்டியும் வந்தார். 1900-ல் 36 கார்களுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்தார். புது எஞ்சினுக்கு மகள் பெயரை வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. டைம்லர் அந்த ஆண்டு மார்ச்சிலேயே இறந்துவிட்டார். 1902-ல் மெர்சிடிஸ் என்பது பதிவு செய்த வணிகப் பெயராகிவிட்டது. 1926-ல் பென்ஸ் கம்பெனியும் டைம்லர் கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்தபோது காருக்கு மெர்சிடிஸ் பென்ஸ் என்று பெயர் வைத்தார்கள். கம்பெனிக்குப் பெயர் கொடுத்த டைம்லர் காரின் மேல் இல்லை, பதினோரு வயதுப் பெண்குழந்தை இருக்கிறது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒருத்தரும் நம்புவதில்லை.

இப்போது என் வண்டி. மெர்சிடிஸ் இந்தியாவுக்குக் கார் செய்ய வந்தது 1994-ல், அதுவும் பழைய உறவான டாடாவின் டெல்கோவோடு கூட்டு சேர்ந்துதான். 1995-ல் புனேயில் டபிள்யூ 124 பூட்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் இந்த மாடல் சலூனை நிறுத்திவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஓய்வு கொடுத்ததை இங்கே புதுசு என்று விற்றதாக அப்போது பலருக்கு வருத்தம். எனக்கு அதில் புகார் இல்லை, மனசுக்குள் நன்றிதான். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டபிள்யூ 124-ஐ 1984 முதல் உலகம் முழுக்க 25 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். பெட்டி மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆனால் காற்றைக் கிழிப்பதில் அந்தக் காலத்தின் மிக நல்ல சலூன்களில் ஒன்று. புரூனோ சாக்கோவின் தலைமையில் வரைந்தது. எனக்கு அழகைப் பற்றிப் பேசத் தெரியாது, வைப்பரைப் பற்றிப் பேசத் தெரியும்.

முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர்தான். நடுவில் நிற்கும். வாங்கின புதிதில், சிக்கனம் பிடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மழை நாளில் கவனித்தேன்: கை வெறும் அரைவட்டம் போடவில்லை. மூலைக்குப் போகும்போது நீள்கிறது, நடுவுக்கு வரும்போது உள்ளே இழுத்துக்கொள்கிறது, மறுபடியும் நீள்கிறது. ஒரு கையால் கண்ணாடியில் 86 சதவீதம் துடைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். கை திரும்பும் இடத்தில் ஒரு கியர் பெட்டி, அதற்குள் மையம் விலகிய ஒரு சுழல். 2018-ல் அதைக் கழற்றி பட்டறை மேஜையில் வைத்துப் பிரித்தேன். 22 வருஷத்துக் கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, பல்லை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்தேன். தேய்மானம் என்று சொல்ல ஒன்றுமில்லை. என்னிடம் வேலை கற்கும் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வைப்பருக்கா இவ்வளவு என்று அவர்கள் சிரித்தார்கள். புதுக் கிரீஸ் போட்டுப் பூட்டினேன், இன்னும் அதே வேகம்.

பின் சஸ்பென்ஷன் இன்னொரு அத்தியாயம். ஒரு சக்கரத்தை வண்டியோடு பிடித்துக்கொள்ள ஐந்து தனித்தனி லிங்க், அதாவது இணைப்புத் தண்டு. 1982-ல் 190 என்ற சின்ன மாடலில் முதலில் போட்டு, இதில் தொடர்ந்தார்கள். குழியில் இறங்கினாலும் வளைவில் சாய்ந்தாலும் டயர் ரோட்டில் நேராக உட்காரும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும்போது அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு வாந்தி வராதது இந்த வண்டியில் மட்டும்தான். கஷ்டம் என்னவென்றால் ஐந்து லிங்க் என்றால் ரப்பர் புஷ்ஷும் அத்தனை. எந்த ரப்பருக்கும் ஆயுசு இருபது வருஷம் இருந்தால் பெரிது. 2016-ல் முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் மாற்றினேன், கூலியோடு 48,000. அந்த வருஷம் தீபாவளிக்கு யாருக்கும் துணி எடுக்கவில்லை.

அப்புறம் சீட். 2022-ல் டிரைவர் சீட் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. மனுஷன் உட்கார உட்கார எதுவும் உட்காரத்தான் செய்யும். உக்கடத்தில் ஒரு பழைய குஷன் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். மேலுறையைப் பிரித்தவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். உள்ளே ஸ்பாஞ்சுக்குப் பதில் ஸ்பிரிங்கும், அதன் மேல் ரப்பர் பாலில் தோய்த்து அழுத்திய நாரும். "ஏனுங்ணா, இது நம்மூர் தேங்கா நாரு. இதுக்கா ஜெர்மனிக்காரன் பேரு வாங்குனான்?" என்றார். உண்மைதான். அந்தக் காலத்து பென்ஸ் சீட்டுகளில் தென்னை நாரும் விலங்கு மயிரும் ரப்பரோடு சேர்த்துத்தான் மெத்தை செய்வார்கள். காற்று உள்ளே போய்வரும், நம் வெயிலுக்கு முதுகு வேர்க்காது. பொள்ளாச்சியில் நார் வாங்கி, ரப்பர் தெளித்து அவரே ஒரு திண்டு செய்து கொடுத்தார். 2,800 ரூபாய். வெளிநாட்டுப் பாகம் ஒன்றை உள்ளூர்ச் சரக்கில் இவ்வளவு சரியாக மாற்ற முடிந்தது இந்த ஒரு முறைதான்.

எஞ்சின் 2.2 லிட்டர், 150 குதிரைத் திறன். டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஐந்தாவது கியரில் 80-ல் போகும்போது ரேடியோ இல்லாமலே பேசிக்கொண்டு போகலாம். ஆனால் ஸ்டியரிங் மெதுவானது, இன்றைய கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் நாள் படகு ஓட்டுவதுபோல் இருக்கும். ஹேண்ட்பிரேக் கையில் இல்லை, இடது காலால் மிதித்துப் பூட்டி, கையால் இழுத்து விட வேண்டும். வாலே பார்க்கிங்கில் சாவி கொடுத்தால் அந்தப் பையன் ஹேண்ட்பிரேக்கைத் தேடிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். இண்டிகேட்டரும் வைப்பரும் ஒரே தண்டில். மழையில் திரும்பும்போது நான் இன்னும் தப்பாக எதையாவது அழுத்துகிறேன்.

மைலேஜ் கேட்பீர்கள். டவுனில் 7, ரோட்டில் 11. சராசரியாக எட்டரை. இப்போது பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். இந்த வண்டி வடிவமைத்த காலத்தில் யாரும் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எரிபொருள் குழாய்கள் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிட்டேன். மைலேஜில் அரை குறைந்த மாதிரி தெரிகிறது. டயர் 195/65 ஆர் 15, ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சாதாரண சர்வீஸுக்கு வருஷம் 12,000 முதல் 15,000 வரை. சொந்தமாகக் கொஞ்சம் கை வைக்கத் தெரியாதவர்களுக்கு இது இரண்டு மடங்காகும்.

செலவில் ஒரு பாடம் உண்டு. வாங்கின ஆறாவது மாதம் பளபளப்பான ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். முன் பக்கம் கடகட சத்தம். காபி கொடுத்தார்கள். 92,000 ரூபாய்க்கு ஒரு எஸ்டிமேட்டும் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு கணபதியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு காலத்தில் டெம்போ டிராவலர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர். வண்டிக்கடியில் போய் இரண்டு நிமிஷத்தில் வந்தார். ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர். 1,400 ரூபாய். நட்சத்திரத்தைப் பார்த்தவுடன் எல்லோரும் வண்டிக்கு எஸ்டிமேட் போடுவதில்லை, வண்டிக்காரனுக்குப் போடுகிறார்கள். டூப்ளிகேட் சாமானிலும் அடிபட்டிருக்கிறேன். ஒரிஜினல் என்று ஒரு கடையில் தலையில் கட்டிய வாட்டர் பம்ப் ஏழே மாதத்தில் ஒழுகியது. பெட்டி அச்சு அசலாக இருந்தது, பேரிங்தான் அசலாக இல்லை.

அந்த கணபதி மெக்கானிக்தான் எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் திறந்துவிட்டார். "இந்தக் கம்பெனி டீசல் எஞ்சினோடதான்ணா நான் இருபது வருசம் பொழைச்சேன்" என்றார். புரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். டெம்போ டிராவலரிலும் டிராக்ஸிலும் வந்த அந்த 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் மெர்சிடிஸின் ஓஎம் 616, உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. ஜெர்மனியில் அது 240 டி என்ற காரில் இருந்த எஞ்சின். 240 டி அங்கே என்ன கார்? டாக்சி. கிரீஸ் நாட்டு டாக்சிக்காரர் ஒருவர் 1976 மாடல் 240 டி ஒன்றை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு 2004-ல் கம்பெனியின் அருங்காட்சியகத்துக்கே கொடுத்தார். மாற்று எஞ்சின்கள் போட்டுத்தான், ஆனாலும் 46 லட்சம். நாம் பழனிக்கும் சபரிமலைக்கும் நெருக்கியடித்துப் போன வேனில் இருந்தது அந்த எஞ்சினின் உடன்பிறப்பு. அதில் போகும்போது யாரும் பென்ஸில் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

2019-ல் மகன் படிக்கும் சாக்கில் ஸ்டுட்கார்ட் போனேன். விமான நிலையத்துக்கு வெளியே வரிசையாக ஈ கிளாஸ் கார்கள், எல்லாம் நீர்த்த பால் காபி நிறம், எல்லாவற்றின் தலையிலும் டாக்சி என்ற பலகை. எனக்கு முன்னால் ஒரு கிழவி நாய்க்குட்டியோடும் காய்கறிப் பையோடும் ஏறினார். டிரைவர் பையை டிக்கியில் எறிந்தார். எங்கள் தெருவில் தக்காளி விலையை ஏற்றிய அதே நட்சத்திரம். அந்தக் கம்பெனி 1936-லேயே 260 டி என்று டீசல் கார் செய்து டாக்சிக்காரர்களுக்கு விற்றது. கதவு ஒரு நாளைக்கு ஐம்பது முறை திறந்து மூடினாலும் தளரக்கூடாது, சீட்டில் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் முதுகு பிடிக்கக்கூடாது என்ற கணக்கெல்லாம் இவர்களுக்காகப் போட்டது. நாம் ஆடம்பரம் என்று நினைத்துக் கும்பிட்டதில் பாதி, நாள் முழுக்க உழைக்கிறவனுக்காகச் செய்த உறுதி. என் வண்டியின் கதவு மூடும் அந்தத் 'தப்' சத்தத்தை அதற்குப் பிறகு வேறு மாதிரிதான் கேட்கிறேன்.

அங்கே இருக்கும் பெரிய அருங்காட்சியகத்தில் லிஃப்டில் உச்சிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்க வேண்டும். உச்சியில் முதல் காட்சிப் பொருள் ஒரு குதிரை. நல்ல நகைச்சுவை. ஆனால் எனக்கு மனதில் நின்றது கான்ஸ்டாட் பூங்காவில் இருக்கும் டைம்லரின் தோட்டத்து வீடுதான். என் பட்டறையைவிடச் சின்னது. இராப்பகலாக உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டு, கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். வந்து பார்த்த போலீசுக்குக் கிடைத்தது அரமும் ஸ்பேனரும். லைசென்ஸ் இல்லாத நாளில் என் பட்டறைக்கும் ஒருமுறை ஆள் வந்ததுண்டு, அதனால் அந்த இடம் எனக்கு நெருக்கமாகிவிட்டது.

இந்தப் புகழுக்கு அடியில் ஒரு இருட்டு இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. நாஜி காலத்தில் இந்த நிறுவனம் போர்த் தளவாடங்கள் செய்தது. 1944-ல் அதன் 63,000-க்கும் மேற்பட்ட வேலையாட்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டாய உழைப்பாளர்கள், போர்க் கைதிகள், வதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். நிறுவனமே தன் வரலாற்றில் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆராய்ச்சியும் இழப்பீடும் வந்தது 1980-களில்தான். நாற்பது வருஷம் தாமதம் என்பது என் கணக்கு. துல்லியம் என்பது தன்னளவில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்று லேத் ஓட்டுகிற எனக்குத் தெரியும். எதற்குக் கடைகிறோம் என்பதுதான் கேள்வி.

போருக்குப் பிந்தைய காலத்தில் சம்பாதித்த பெயர் நியாயமானது என்றே நினைக்கிறேன். மோதலின்போது முன்னும் பின்னும் நசுங்கி நடுக்கூண்டைக் காப்பாற்றும் உடலமைப்பை பேலா பாரெனி என்ற அவர்களின் பொறியாளர் 1951-ல் காப்புரிமை எடுத்தார், 1959-ல் காரில் வந்தது. 1978-ல் பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து, பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ். இன்றைக்கு எட்டு லட்ச ரூபாய்க் காரிலும் இவை இருக்கின்றன.

ஆனால் 1990-களின் நடுவில் கணக்குப்பிள்ளைகள் ஜெயித்தார்கள். என் வண்டிக்கு அடுத்து வந்த டபிள்யூ 210 துருவுக்குப் பேர்போனது, உலகம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். 1997-ல் புது ஏ கிளாஸ் ஸ்வீடனில் ஒரு பத்திரிகை வைத்த சோதனையில், குறுக்கே வரும் காட்டுமானைத் தவிர்ப்பதுபோல் ஒடித்துத் திருப்பியபோது கவிழ்ந்தது. விற்பனையை நிறுத்தி, ஈஎஸ்பி என்ற சறுக்கல் தடுப்பை எல்லா ஏ கிளாஸுக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். 1998-ல் அமெரிக்காவின் கிரைஸ்லரோடு கல்யாணம், 2007-ல் விவாகரத்து. 2005-ல் மட்டும் 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2020-ல் டீசல் புகை விவகாரத்தில் அமெரிக்க அரசோடு 150 கோடி டாலர் அளவில் சமரசம். இப்போது பெயரும் மாறிவிட்டது: லாரிகள் 2021 டிசம்பரில் டைம்லர் டிரக் என்று தனிக் குடித்தனம் போய்விட்டன, கார் கம்பெனி 2022 பிப்ரவரி முதல் மெர்சிடிஸ் பென்ஸ் குழுமம். லாரிக் குடும்பத்தின் வண்டிகள்தான் 2012 முதல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் பாரத் பென்ஸ் என்ற பெயரில் வெளிவருகின்றன. சங்ககிரிக்காரர்கள் அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கடைசியில் பலித்துவிட்டது.

அதனால்தான் புனேயில் 'பழசு' பூட்டியதற்கு நன்றி என்றேன். பென்ஸ் நல்ல வண்டியா என்று என்னிடம் கேட்டால், எந்த வருஷத்து பென்ஸ் என்று திருப்பிக் கேட்பேன். டபிள்யூ 124 தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 1990-களின் முதல் பாதியில் வந்த எஞ்சின்களில் வயரிங்கின் மேலுறை சூட்டில் நொறுங்கும் என்பது உலகறிந்தது. மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். என் வண்டியில் வாங்கும்போதே புதுசு போட்டிருந்தது, தப்பித்தேன். ஜாக் வைக்கும் இடங்களில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் துரு பாருங்கள். வெளியே எப்படி மின்னினாலும் மயங்காதீர்கள். மீட்டர் ஓட்டத்தைக் கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானத்தோடு ஒப்பிடுங்கள், பெடல் பொய் சொல்லாது. கல்யாண வாடகைக்குக் கேட்டு வருவார்கள், வெள்ளை போர்டு வண்டியைக் கொடுக்காதீர்கள். எஃப்.சி. புதுப்பிக்க ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நாள் லீவு போட வேண்டும். போனமுறை இது இம்போர்ட் வண்டி என்று கவுன்டரில் சாதித்தார்கள், ஆர்.சி.யில் புனே என்று இருப்பதைக் காட்ட மூன்று மேஜை ஏறி இறங்கினேன். அடுத்தது 2026-ல்.

போன தை மாதம் சங்ககிரி மாமாவைக் கண் ஆபரேஷனுக்காகக் கோவைக்குக் கூட்டிவந்தேன். 84 வயது. வீட்டு வாசலில் வண்டியைப் பார்த்ததும் நேராக முன்னால் போய் நட்சத்திரத்தைத் தொட்டார். இந்த நட்சத்திரம் அசைத்தால் சாயும், விட்டால் நிமிரும். இரண்டு முறை சாய்த்துப் பார்த்தார். "லாரியில இருந்தது இப்படி ஆடாது" என்றார். மரப் பலகை, தோல் சீட் எதையும் கவனிக்கவில்லை. பெருந்துறை தாண்டும்வரை பேசாமல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"லிட்டருக்கு எத்தனை குடுக்குது மாப்ளே?"

எட்டரை என்றேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"நாலு குடுத்ததை வெச்சுத்தான் உங்க அத்தைக்கு வீடு கட்டுனேன்" என்றார். பிறகு அவினாசியில் டீக்கு நிறுத்தியபோது, டீயைக் குடிக்காமல் பானட்டைத் திறக்கச் சொல்லி, வேட்டி நுனியாலேயே டிப்ஸ்டிக்கைத் துடைத்து ஆயில் பார்த்தார்.